கண்ணாடிக்குச் சொல்லிட்டு ஊத்தணும்

கீழமடையூர்க் கண்மாய் கண்ணாடியாகிப்போனது கார்த்திகை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை வியாபாரம் ஓய்ந்து, டீக்கடை முத்திருளாண்டி எச்சில் கிளாஸ்களைக் கழுவப் படித்துறைக்குப் போயிருந்த நேரத்தில். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. படியில் குந்திக் கழுவிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து ஒரு கிளாஸ் நழுவி, நிமிர்ந்த வாக்கிலேயே மிதந்து மிதந்து உள்ளே போக, போனால் போகிறது என்று விடுகிற ஆளா அவன், போட்ட சட்டையோடு பின்னாலேயே நீந்திப் போய், அது முங்கும்போது தானும் முங்கி, கையை நீட்டி அதன் விளிம்பைத் தொட்ட நிமிஷத்தில், கரையில் மேய்ந்த ஆடு ஒன்று தும்மியதாகவும், அது தும்மி முடிப்பதற்குள் கண்மாய் முழுக்கக் கண்ணாடியாகிவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஆடு தும்மியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

ஊர் இரண்டு நாள் அலறியது, அதற்கப்புறம் பழகிக்கொண்டது. கொக்குகள் வந்து கொத்திப் பார்த்து, அலகு வலித்து, வேறு கண்மாய்க்குப் போயின. மீன் குத்தகை எடுத்திருந்தவர் தினமும் வந்து குப்புறப் படுத்து, தன் கெண்டைகளும் விரால்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முன்னெப்போதும் இல்லாத நிம்மதியோடு வீட்டுக்குப் போனார். பக்கத்து ஊருக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த மொபெட்டுகள் சக்கரத்தில் வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு குறுக்கே போயின. துணி துவைக்கும் பெண்கள் வீட்டுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றி, இம்புட்டுப் பெரிய துவைகல் எந்தச் சீமையில் இருக்கிறது என்று பெருமையாக அடித்துத் துவைத்தார்கள். முத்திருளாண்டி கிடந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு முழ ஆழத்தில் அவன் கிடந்தான். கண் திறந்திருந்தது, கை நீண்டிருந்தது, விரல் நுனியில் அந்தக் கிளாஸ். வாய்க்கு முன்னால் மிளகு அளவில் ஒரு காற்றுக் குமிழி. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி காளீஸ்வரி குமிழியைக் காட்டினாள். மிளகு அளவில் இருந்தது இரண்டு மூன்று நாளில் கடலை அளவுக்கு வந்திருந்தது. அவன் ஒரே ஒரு மூச்சை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், மூச்சு விடுகிறவனை எப்படிச் செத்தவன் என்பது? நெற்றிப் பொட்டைப் பற்றியும் தலைப் பூவைப் பற்றியும் அவளிடம் பேச வந்த பெண்கள் குமிழியைப் பார்த்துவிட்டு, வந்த பேச்சை விட்டுவிட்டு, பூ விலையைப் பேசிக் கலைந்தார்கள்.

ஆனால் காளீஸ்வரி பொறுமைக்காரி இல்லை. கொதிக்கிற டீயை ஆற்றாமல் குடிக்கிறவள் அவள். அந்த வாரக் கடைசியிலேயே, கடை பாய்லரைத் திறந்து ஒரு அண்டா வெந்நீர் பிடித்து, கொண்டுபோய் அவனுக்கு மேலே அப்படியே கவிழ்த்தாள், உருகிவிடும் என்று.

‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். பனிக் காலத்தில், பச்சைத் தண்ணீரில் அலசிய கிளாஸில் அவசரப்பட்டு டீயை ஊற்றினால் வருகிற சத்தம். தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் மேலிருந்து இறங்கி, கண்ணாடிக்குள் கோணலாக ஓடி, அவனுடைய இடது தோளில் போய் நின்றது. நின்ற இடத்தில் சட்டை பிரிந்திருந்தது. சட்டைக்குக் கீழே தோல் பிரிந்து, ஒரு பொட்டு ரத்தம் கண்ணாடிக்குள் சிவப்பாக நின்றது. இன்னும் நாலு விரல் ஓடியிருந்தால் கழுத்து. காளீஸ்வரி வெற்று அண்டாவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், ஐயோ என்று கத்தக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது, கத்தினால் அந்த அதிர்ச்சியில் விரிசல் இன்னும் ஓடிவிடுமோ என்று.

அப்போதுதான் அவன் வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்தது. கடையில் அவள் உடைத்த கிளாஸ்களை அள்ளிப்போடும்போதெல்லாம் அவன் திட்டமாட்டான், சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வான். "கண்ணாடிக்குச் சொல்லிட்டு ஊத்தணும் காளி." சொல்வது என்றால் வாயால் சொல்வதில்லை. முதலில் கிளாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு அலசு அலசுவான். ஈரக் கல்லில் வைக்காமல் மடித்த சாக்கின்மேல் வைப்பான். உள்ளே ஒரு எவர்சில்வர் கரண்டியைப் போட்டு, முதல் சூட்டைக் கரண்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று, கொஞ்சமாக ஊற்றி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகுதான் நிறைப்பான். அவன் கையில் ஒரு கிளாஸ் உடைந்ததில்லை. அந்தக் கையைத்தான் இவள் அறுக்கப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் வெந்நீரைத் தொடவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அவள் மாமியார் அழகுமீனாளுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அல்லது தெரியாமலே செய்தாள். காலையில் வெயில் ஏறியதும் வந்து, மகனுக்கு மேலே கண்ணாடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். "எந்திரி அத்தை, குளுந்து கிடக்கு, நெஞ்சுல சளி கட்டிரும்" என்று காளீஸ்வரி இழுத்தால் கையை உதறுவாள். "எம்புள்ளைக்குக் குளுராதாடி?" என்று ஒரே கேள்வி. படுத்தபடியே அவனோடு பேசுவாள், கறிவேப்பிலைச் செடி துளிர்த்தது, பூனை குட்டி போட்டது என்று. மார்கழி பாதியில் ஒரு மத்தியானம் பேச்சு நின்றது. தொட்டுப் பார்த்தபோது அவள் போயிருந்தாள்.

அவளைத் தூக்கியபோதுதான் காளீஸ்வரி அதைப் பார்த்தாள். கிழவி படுத்திருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்தச் சூடு மேலோடு நிற்காமல் உள்ளே இறங்கியிருந்தது, கண்ணாடி அங்கே லேசாகக் கலங்கி, பனங்கற்கண்டு கரைகிறபோது தெரிகிற நெளிவு ஒன்று தெரிந்தது, குமிழி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. விரிசல் நீளவில்லை. கூட வந்தவர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போக, காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தின்மேல் ஒரு சாக்கை விரித்தாள், சூடு போய்விடக் கூடாது என்று.

பிறகு அவள் செய்ததெல்லாம் கேட்டால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். கை பொறுக்கிற சூட்டுக்கும் கீழே, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் தண்ணீர் கொண்டுபோய், துணியில் நனைத்து ஒற்றியெடுப்பாள், சாக்கால் மூடுவாள், மறுபடி ஒற்றுவாள். மறுநாள் ஒரு நூல் கூடுதல் சூடு. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஜெபமாலை போகிறபோதும் வருகிறபோதும் நின்று, ஒரு கை ஒற்றிவிட்டுப் போவார். டீச்சர்தான் அவளுக்கு விளக்கினார். "சூடு பட்ட பக்கம் விரியுது காளீஸ்வரி. சூடு படாத பக்கம் விரிய மாட்டேங்குது. ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கிடக்குல்ல, இந்த இழுபறியிலதான் பிளக்குது. மெல்லிசுக் கிளாஸ்ல சூடு சீக்கிரம் மறுபக்கம் போயிரும், தாங்கும். தடிக் கிளாஸுதான் மொதல்ல விடும்." காளீஸ்வரி கரையிலிருந்து கரை வரை பார்த்தாள். இதைவிடத் தடிக் கண்ணாடி எந்த உலகத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே துணியை மறுபடி நனைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பாசனச் சங்கத் தலைவர் சேவுகப்பெருமாள் ஊரைக் கூட்டினார். கெட்ட மனிதர் இல்லை. மடை அடைத்துக்கொண்டதால் வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் வெளுத்துக்கொண்டு வந்தது, அதைப் பார்த்துப் பார்த்து அவர் முகமும் வெளுத்திருந்தது. இந்த வருஷம் தைப்பொங்கலை வாசலில் வைக்க வேண்டாம், வீட்டுக்கு ஒரு பானை கண்மாய்க்குள் வைப்போம், அத்தனை பானையும் ஒரே நேரத்தில் பொங்கி வழிந்தால் கண்மாய்க்கும் மனம் பொங்கும், தண்ணீர் திரும்பும் என்றார். ஊர் ஒரே குரலில் ஆமாம் என்றது, நல்ல யோசனை என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

காளீஸ்வரி எழுந்து நின்றாள். "அண்ணே, பொங்கி வழியுறது அம்புட்டும் கொதிநீரு. கண்ணாடி பாளம் பாளமா விட்டுரும். அவரு துண்டு துண்டாப் போயிருவாரு."

ஜெபமாலை டீச்சரும் எழுந்து சூடு பட்ட பக்கம், படாத பக்கம், இழுபறி எல்லாவற்றையும் சொன்னார். சேவுகப்பெருமாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "டீச்சர் சொல்றது சரிதேன். நானும் வீட்ல கிளாஸு உடைச்சவந்தேன். ஆனா தாயி, பொங்காமப் பொங்க வைக்க முடியுமா? பானை வழியாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? உனக்கு ஒருத்தன் உள்ள கிடக்கான். எனக்கு ஊரே உள்ள கிடக்கு." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

காளீஸ்வரி வீடு வீடாகப் போனாள். பொங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சொன்னால் கதவைச் சாத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "பொங்கட்டும்த்தா, நல்லாப் பொங்கட்டும். கண்ணாடிக்குச் சொல்லிட்டுப் பொங்கட்டும்" என்றாள். என்ன இது புதுப் பேச்சு என்று கேட்டவர்கள், கேட்ட பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கதையை எடுத்தார்கள். ஒருத்தி பிள்ளையின் பால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கையைக் கிழித்துக்கொண்டவள். ஒருத்தி கல்யாணச் சீராக வந்த கண்ணாடிக் கோப்பைகளை மாமியார் எதிரிலேயே வரிசையாகப் பிளந்து, அந்தப் பேச்சை இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவள். கீழமடையூரில் வெந்நீர் ஊற்றிக் கண்ணாடி உடைக்காத பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "சரிடி காளி, சொல்லிட்டே வைப்போம்" என்றார்கள்.

பொங்கல் அன்று வெயில் ஏறியதும் கண்மாய் நிறையக் கூட்டம். புதுச் சேலையும் கரும்புமாக வந்த பெண்கள் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், ஆளுக்கொரு குடம் வெதுவெதுப்பான தண்ணீரை அவரவர் இடத்தில் தெளித்து, துணியால் பரப்பி, ஆறுவதற்குள் இன்னொரு குடம், அதைவிடக் கொஞ்சம் சூடாக இன்னொன்று என்று ஊற்றினார்கள். மணலைக் கொட்டி, அதன்மேல் சாக்கை நனைத்துப் போட்டு, அதன்மேல் செங்கலை வைத்தார்கள். பானை எந்தப் பக்கம் வழியும் என்று பார்த்து அந்தப் பக்கம் எவர்சில்வர் கரண்டிகளைப் பரப்பினார்கள். காளீஸ்வரி பானை வைக்கவில்லை. அவள் அவனருகே உட்கார்ந்து ஒற்றிக்கொண்டே, ஒவ்வொரு பானையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பானை பொங்கியது. வெள்ளையாக நுரைத்து, கழுத்து மஞ்சளை நனைத்து, கரண்டியில் இறங்கி, மணலில் ஊறி, மிச்சம் கண்ணாடியில் ஓடியது. குலவை போட வாயெடுத்த பெண்கள் போடாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் இல்லை. அதற்கப்புறம்தான் குலவை. இன்னொரு பானை, இன்னொரு பானை, ஒவ்வொன்றுக்கும் முதலில் அந்த மௌனம், பிறகு குலவை. காளீஸ்வரியின் கையில் துணி ஆறிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

எல்லாப் பானையையும் பார்த்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை. மடைக்குப் பக்கத்தில், கரையின் நிழலில், வெயிலே படாத குளிர்ந்த கண்ணாடியில், சேவுகப்பெருமாளின் பானை இருந்தது. மடைச் சாமிக்கு வைக்கிற பானை அவர் வீட்டு உரிமை, தாத்தா காலத்து வெண்கலப் பானை, ஊரிலேயே பெரியது. வெதுவெதுப்பான தண்ணீர் எடுக்கப் போன மருமகள் இன்னும் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது. மனுஷன் எத்தனை நேரம்தான் பொறுப்பார், பனை மட்டையைச் செருகித் தீயை மூட்டிவிட்டார். வெண்கலம் சூட்டைக் குடித்துக் குடித்து வைத்திருந்து, ஒரேயடியாகப் பொங்கியது. அரைப் பானைப் பாலும் நுரையும் வெறும் கண்ணாடியில் சரிந்தது.

வெடிச் சத்தம் அக்கரையில் கேட்டது. பருத்திக் கட்டை கனத்தில் ஒரு விரிசல் மடையிலிருந்து புறப்பட்டு, கண்மாயின் நடுவை நோக்கி ஓடிவந்தது, பின்னாலேயே கிளைகள் விட்டுக்கொண்டு, மீன்களைப் பாதியாக அறுத்துக்கொண்டு. "காளி! வருதுடி!" என்று யாரோ கத்தினார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். பெண்கள் ஓடவில்லை. இதைச் சொல்லும்போது கீழமடையூர் ஆண்கள் இன்றைக்கும் வேறு பக்கம் பார்ப்பார்கள். பெண்கள் மிச்சமிருந்த வெதுவெதுப்பான தண்ணீரையெல்லாம் விரிசலின் வழியில் கொட்டினார்கள், குடம் தீர்ந்ததும் அடுப்போரம் வெதுவெதுத்திருந்த பச்சரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினார்கள், ஒவ்வொரு குடத்துக்கும் விரிசல் கொஞ்சம் தயங்கியது, தயங்கிவிட்டு மறுபடி வந்தது.

காளீஸ்வரியிடம் ஊற்ற ஒன்றும் இல்லை. அவளிடம் உடம்பு ஒன்றுதான் இருந்தது. சாக்கை விலக்கிவிட்டு, மாமியார் படுத்த இடத்தில், மாமியார் படுத்த மாதிரியே ஒருக்களித்துப் படுத்து, காதைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, அவள் தலைமாட்டில் ‘டிக்’ என்றது. பிறகு வலப்பக்கம் ஒரு சத்தம், இடப்பக்கம் ஒரு சத்தம், கால்மாட்டில் இரண்டும் சேர்ந்த சத்தம். கண்ணைத் திறந்தபோது விரிசல் இரண்டாகப் பிரிந்து, மாமியாரும் மருமகளும் படுத்தும் ஒற்றியும் சூடேற்றிய வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. வட்டத்துக்குள் ஒரு கீறல் இல்லை.

அடுத்த நொடி சுற்றிலும் இருந்த கண்ணாடி முழுக்கத் தண்ணீரானது. நல்லவேளை, மடையடி தவிர அந்தக் கண்மாயில் ஆள் முங்குகிற ஆழம் கிடையாது. புதுச் சேலையும் கரும்பும் பானையும் பெண்களுமாக மார்பளவுத் தண்ணீரில் நின்று அலறினார்கள், அலறல் பாதியில் சிரிப்பாக மாறியது. மடை திறந்துகொண்டு வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. சேவுகப்பெருமாள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், இடுப்புத் தண்ணீரில் அழுதுகொண்டே காளீஸ்வரியிடம் வந்தார். அவள் மிதக்கிற வட்டக் கண்ணாடியின்மேல் அப்படியே கிடந்தாள்.

அந்த வட்டத்தைத் தள்ளிக் கரையில் ஏற்றியதும் கடப்பாரை வந்தது, தீ மூட்டலாமா என்ற கேள்வி வந்தது. "ஒருத்தரும் தொடாதீக" என்றாள் காளீஸ்வரி. "வெதுவெதுன்னு தண்ணி மட்டும் கொண்டாங்க." ஊரே குடம் குடமாகக் கொண்டுவந்தது, அவள் கை வைத்துப் பதம் பார்த்துப் பார்த்து ஒற்றினாள். பொழுது சாய்வதற்குள் கண்ணாடி பாகாகி, பாகு தண்ணீராகி, குமிழி மேலே வந்து உடைந்தது. அந்த மூச்சில் டீத்தூள் வாசம் இருந்தது என்பார்கள். முத்திருளாண்டி இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். கையில் கிளாஸ் இருந்தது.

"பிடிச்சிட்டேன்" என்றான். சுற்றிப் பார்த்து, "என்ன இம்புட்டுக் கூட்டம்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். காளீஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அத்தனை வாயும் மூடிக்கொண்டது. அவன் தோளில் அந்தக் கீறல் தெரிந்தது. உடம்பு இன்னும் சில்லென்று இருந்தது, கை ஓரம் வெளிச்சத்தில் லேசாக ஊடுருவித் தெரிந்தது. "முங்கி மயங்கிட்டீக. தூக்கினோம். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

"அம்மா எங்க?"

"அத்தை மானாமதுரைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கு."

அன்றிலிருந்து ஊர் முழுக்க அவனிடம் வெதுவெதுப்பாகத்தான் பேசியது. முதலில் ஒரு நாள்தான் போனது என்றார்கள். பிறகு ஒரு வாரம் என்றார்கள். கரும்புச் சக்கைக்கு ஒரு காரணம், சுவரில் காலண்டர் இல்லாததற்கு ஒரு காரணம். கண்மாய் கண்ணாடியானதை ஜெபமாலை டீச்சர் ஒரு சாயங்காலம் பக்குவமாகச் சொன்னார், அதை அவன் சுலபமாகவே ஏற்றுக்கொண்டான். அவனுக்குக் கொடுக்கிற டீயை காளீஸ்வரி ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள், தினமும் ஒரு நூல் சூடு கூட்டினாள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த ‘டிக்’ கேட்டது.

மாசி பிறந்த ஒரு காலையில், கூட்டம் வருவதற்கு முன், அவன் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று ஒரு கிளாஸை எடுத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினான். சாக்கை மடித்து அதன்மேல் வைத்தான். உள்ளே கரண்டியைப் போட்டான். டீயை ஊற்றாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"அலசியாச்சு. கரண்டியும் போட்டாச்சு" என்றான். "இத்தனை நாளா நீ என்னைய அலசுறது எனக்குத் தெரியாதா காளி? போதும். இனி ஊத்து."

"என்னத்தைங்க?"

"அம்மா எங்க?"

அவள் கொஞ்சமாகத்தான் ஊற்றினாள். "அத்தை உங்களுக்குக் குளுரும்னு உங்க மேலேயே வந்து படுத்துக்கும். மார்கழி பாதி வரைக்கும், தினமும். நான் சுடுதண்ணியை ஊத்தி உங்களை அறுத்தேன். அத்தைதேன் முதச் சூடு கொடுத்துச்சு." ஒரு மூச்சு நிறுத்தினாள். "படுத்தபடியே போயிருச்சுங்க. தூக்கயில அந்த இடம் கதகதன்னு இருந்துச்சு."

காளீஸ்வரி அவன் தோளையே பார்த்தாள், காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பாய்லர் மட்டும் கொதித்தது. அவன் கையைத் தூக்கி, தன் நெஞ்சில், அவன் அம்மா படுத்திருந்த இடத்துக்கு நேராக, உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"இன்னும் சூடு இருக்கு காளி" என்றான். அந்தக் கையின்மேல் அவள் தன் கையை வைத்தாள். கண்ணீர் இறங்கி அவள் புறங்கையில் விழுந்தது. கொதிக்கிற கண்ணீர், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.